என்ட பந்து

இரண்டாவது கோல்கீப்பர் என்றால் ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நாட்டின் உதைபந்துக் குழாத்தில் நான் இருந்த காலம் முழுக்க எனக்கு முன்னால் ஒருவர் இருந்தார். அவர் கோலில் நின்றார், நான் வெளியே வாங்கில், மாற்று ஆட்கள் குந்தும் பலகையில், இருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. "விளையாடவே இல்லையா, அப்ப என்னத்துக்குப் போன?" என்று கேட்டவர்கள்தான் வெட்கப்பட வேண்டும். அவர்களில் ஒருவனும் அம்பாறை மாவட்ட அணிக்குக்கூடப் பந்து பொறுக்கிப் போட்டவன் இல்லை.

முன்னால் ஓடுகிறவன் களைத்தால் இன்னொருவன் போவான். நடுவில் நிற்கிறவன் சரியில்லை என்றால் மாற்றுவார்கள். கீப்பர் களைப்பதில்லை. நின்ற இடத்திலேயே நிற்கிறான். அவனுக்கு விரல் முறிய வேண்டும், அல்லது காய்ச்சல் வர வேண்டும். எங்கள் முதல் கீப்பருக்கு இரண்டும் வராது. தெற்குப் பக்கத்து இராணுவக்காரர், பனை உயரம். ஒரு வெளிநாட்டுப் பயணத்தில் முழுக் குழாமும் வயிற்றோட்டத்தில் படுத்துக்கிடந்தது. அவர் மட்டும் மற்றவர்களின் சோற்றையும் வாங்கிச் சாப்பிட்டார்.

மனிதன் கெட்டவனாக இருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும், வாயாரத் திட்டியிருப்பேன். தங்கமான ஆள். என்னை "மல்லி, மல்லி" என்றுதான் கூப்பிடுவார். சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி. எங்கள் வீட்டில் மல்லி என்றால் சளி, தடிமனுக்கு அவித்துக் குடிப்பது. முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது எனக்குத் தடிமன் இல்லை என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என்னைக் கண்டாலே அவருக்குச் சிரிப்பு.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். நாட்டுச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு ஓர் ஆட்டத்தில் அந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவில் நிற்க வேண்டும். வெல்வதும் தோற்பதும் பிறகு. அவருக்கு ஒன்றும் ஆகாமல் எனக்கு அது எப்படிக் கிடைக்கும் என்று யோசித்துப் பார்ப்பேன். வழியே இல்லை. தொழுது முடித்துக் கையேந்தினால் என்ன கேட்பதென்று தெரியாமல் இருப்பேன். கடைசியில் "யா அல்லாஹ், அவருக்கு ஒரு சின்னத் தடிமன்" என்று கேட்பேன். அதுவும் வரவில்லை.

நான் கீப்பரானது சூறாவளியால். எழுபதுகளின் கடைசியில் எங்கள் கரையை அடித்துப் போட்ட சூறாவளி கல்முனையில் பாதிக் கூரையைக் கொண்டுபோனது. என் மாமா ஒருவர் மேசன். ஊர் முழுக்க அவருக்கு வேலை. என்னை முகட்டில் ஏற்றிவிட்டார். கீழே நிற்கிறவன் கூரை ஓடுகளை எறிவான், நான் மேலே குந்திக்கொண்டு பிடிக்க வேண்டும். ஒரு கையால் வளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓடு. விட்டால் உடையும். உடைந்தால் மாமாவின் வாயிலிருந்து வருவதைக் கேட்கப் பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலிக்கு வந்துவிடுவார்கள். அப்படி மாதக்கணக்கில் ஓடு பிடித்தவனுக்குப் பந்து பிடிப்பது ஒரு வேலையா? பந்துக்கு மூலைகூட இல்லை.

ஒருநாள் கடற்கரை மைதானத்தில் எங்கள் கழகத்துக் கீப்பர் வரவில்லை. இறக்காமத்து வயலில் யானைக் காவலுக்குப் போய்விட்டார். என்னைத் தூக்கிக் கோலில் நிறுத்தினார்கள். வந்ததையெல்லாம் பிடித்தேன். யானை போய், வெள்ளாமை வெட்டி முடிந்து, அவர் திரும்பி வந்தபோது அவருக்கு இடமில்லை. வாங்கில் குந்தினார். அவர் முகத்தை அன்று நான் சரியாகப் பார்க்கவில்லை. பிறகு கொழும்பில் கண்ணாடியில் பார்த்தேன்.

நாட்டு அணியின் கொழும்பு முகாமுக்கு என்னை எடுத்த வருடமே கலியாணமும் நடந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் போய் இருக்க வேண்டும். ஆகவே நான் வெளிநாடு போய்வந்தாலும் கணக்குச் சொல்ல வேண்டிய ஆள் என் மாமி. மாமிக்கு உதைபந்து தெரியாது. ஆனால் கேள்வி கேட்கத் தெரியும்.

முதல் வெளிநாட்டுப் பயணம் முடிந்து வந்த அன்று மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே தொடங்கினார்.

"மருமகன், பிளேன்லயா போன?"

"ஓம் மாமி."

"பிளேன்ல என்ன செஞ்ச?"

"குந்தி இருந்தன்."

"அங்க இறங்கி?"

"விளையாட்டு நடந்திச்சு. நான் வாங்குல இருந்தன்."

"மறுகா?"

"மறுகா பிளேன்ல வந்தன்."

மாமி பாலாணக் கறியை ஊற்றிவிட்டு யோசித்தார். "அப்ப போகக்குள்ளயும் குந்தி, அங்கயும் குந்தி, வரக்குள்ளயும் குந்தித்தான் வந்திரிக்கிங்க. அதுக்கு எங்கட விறாந்தையிலேயே குந்தி இரிந்திரிக்கலாமே."

என் மனைவி உள்ளே இருந்து, "உம்மா, சும்மா இரிங்க. அங்க குந்துறதுக்கும் நாட்டில ரெண்டே பேரத்தான் எடுக்கிறாங்க" என்றாள். அவள் எப்போதும் என் பக்கம்தான். ஆனால் அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத் தெரியும்.

தேத்தண்ணிக் கடையில் இன்னும் மோசம். அங்கே என் மனைவியின் காக்கா, அதாவது அண்ணன், எனக்கு மச்சான், இருப்பார். மர ஆலையில் வேலை. நான் கடை வாசலில் கால் வைத்ததும், "வா மச்சான், இந்த முறை வாங்கு தேக்கா, முதிரையா?" என்பார். நான் பாலை மரம் என்று சொல்லிவிட்டு இருப்பேன். பத்திரிகையும் சரியில்லை. விளையாடிய பதினொரு பேரின் பெயரையும் போட்டுவிட்டு 'மற்றும் பலர்' என்று முடிப்பார்கள். அந்தப் பலர் நான்தான்.

இரண்டாவது கீப்பருக்கு வேலை இல்லை என்று நினைக்கிறவனுக்கு ஒன்று சொல்கிறேன். ஆட்டத்துக்கு முன் முதல் கீப்பருக்குப் பந்து அடித்துக் கொடுத்துச் சூடாக்குவது யார்? நான். அவருக்கு எந்தப் பக்கம் கை கொஞ்சம் பிந்துகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது யார்? நான். பயிற்சியில் முதல் அணி முன்வரிசை கோல் அடித்துப் பழக நெஞ்சைக் கொடுத்து நிற்பது யார்? அதுவும் நான்தான். முதல் கீப்பரை விட அதிகம் பந்து பிடித்தவன் நான். பார்க்க ஆளில்லாத நேரத்தில் பிடித்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தப் பயிற்சியில்தான் ஒரு கோளாறு இருந்தது. அப்போது யாருக்கும் தெரியவில்லை.

எங்களை இரண்டு அணியாகப் பிரித்து விளையாட விடுவார்கள். முதல் கீப்பருக்கு முன்னால் முதல் அணிப் பின்வரிசை நிற்கும். நாலு பேரும் சிங்களம். எனக்கு முன்னால் நிற்பது மிச்சம் விழுந்த பின்வரிசை. அது மன்னார், யாழ்ப்பாணம், திருகோணமலை என்று எல்லாம் தமிழ் பேசுகிற ஆட்கள். உயரத்தில் பந்து வந்தால் கீப்பர் கத்த வேண்டும், அது எனக்கு, நீ விலகு என்று. கத்தாவிட்டால் இரண்டு பேரும் ஒரே பந்துக்குப் பாய்ந்து மண்டை உடையும். எங்கள் கடற்கரை மைதானத்தில் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பந்து எங்கே போகும் என்று பந்துக்கே தெரியாது. அதனால் நேரத்தோடு கத்த வேண்டும், சுருக்கமாகக் கத்த வேண்டும். நாங்கள் கத்துவது "என்ட!" என்றுதான். என்னுடையது என்று அர்த்தம். யாழ்ப்பாணத்தான் அதையே "என்ர" என்பான். ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். நான் "என்ட" என்றால் அவன் விலகிவிடுவான்.

பயிற்றுநர் எல்லாரும் "கீப்பர்" என்று கத்த வேண்டும் என்று சொல்லியிருந்தார். நானும் ஓம் என்றேன். நின்றுகொண்டு சொல்லும்போது "கீப்பர்" என்று நன்றாக வரும். பாயும்போது வராது. பாயும்போது வாய் அதன் பாட்டுக்குத்தான் கத்தும்.

முதல் அணிப் பின்வரிசைக்குப் பின்னால் நான் ஒரு நாளும் நின்றதில்லை. அவர்கள் என் சத்தத்தைக் கேட்டதேயில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து நாட்டு அணி ஒன்று கொழும்புக்கு வந்தது. வானொலியில் தமிழிலும் நேர்முக வர்ணனை போனது. கல்முனையில் கடை கடையாக றேடியோ வைத்துக் கேட்டிருக்கிறார்கள். இடைவேளைக்குப் பிறகு நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். நான் வழக்கம்போல வாங்கில். காலில் சப்பாத்துக் கயிற்றைத் தளர்த்திவிட்டு வசதியாக இருந்தேன். அப்போது எதிரணிக்காரன் ஒருவன் தனியாக உள்ளே வந்தான். எங்கள் கீப்பர் அவன் காலடியில் பாய்ந்து பந்தைப் பிடித்தார். எழும்பினார். கையை உயர்த்திக் காட்டினார். சின்ன விரல் மற்ற விரல்களோடு கோபித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

பயிற்றுநர் என் பக்கம் திரும்பி, "நீ" என்றார்.

நான் எத்தனை வருடம் காத்திருந்த சொல். எழும்பினேன். கயிறு கட்டவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அவசரத்தில் முடிச்சு விழவில்லை. விரல் பிசகி வெளியே வந்த மனிதர் குனிந்து, மற்றக் கையால் எனக்குக் கயிறு கட்ட உதவி செய்தார். "மல்லி, பயப்படாதே. பந்து உருண்டைதான்" என்றார். அவர் தங்கமான ஆள் என்று சொன்னேனே.

உள்ளே போனேன். முதல் பந்து தூரத்திலிருந்து வந்தது. நெஞ்சுக்கு நேரே. பிடித்தேன். இரண்டாவது கம்பத்தை ஒட்டிக் கீழே வந்தது. விழுந்து வெளியே தட்டினேன். சனம் எழும்பிக் கை தட்டியது. எனக்கு அந்தக் கம்பங்களைக் கட்டிப் பிடிக்கலாம் போல இருந்தது. இந்த இரண்டு பந்தைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

மூன்றாவது பந்து வலப் பக்கத்திலிருந்து உயரத்தில் வந்தது. எனக்கு அளந்து எடுத்தது போல வந்தது. கண்ணை மூடிக்கொண்டும் பிடிக்கலாம். இரண்டடி முன்னால் ஓடி, பாய்ந்து, கத்தினேன். "என்ட! என்ட!"

எனக்கு முன்னால் எங்கள் நடுப் பின்வரிசைக்காரர் நின்றார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். கழுத்து என்ற ஒன்று அவருக்கு வைக்கவில்லை. விலகி நின்றவர் என் சத்தம் கேட்டதும் திரும்பினார். திரும்பிப் பந்தை நோக்கி ஓடி வந்தார். முழு வேகத்தில் வந்தார். என் நெஞ்சில் அவர் மண்டை விழுந்தது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு கீழே போனோம். பந்து எங்களுக்குப் பக்கத்தில் விழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும் விருந்தாளி மாதிரி, மெதுவாகக் கோலுக்குள் போனது.

எழும்பியதும் அவருடைய சேர்ட்டைப் பிடித்தேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தையெல்லாம் சேர்த்து, "ஏன் வந்தாய்?" என்று கேட்டேன்.

அவர் என் சேர்ட்டைப் பிடித்தார். "ஏன் வந்தேனா? நீதானே கூப்பிட்டாய்!"

"நானா? நான் எப்ப கூப்பிட்டேன்?"

"எண்ட, எண்ட என்று இரண்டு தரம் கூப்பிட்டாய்! மரியாதையாக வேறு கூப்பிட்டாய்!"

சிங்களத்தில் எண்ட என்றால் வாருங்கள். எனக்கு அது தெரியாதா? தெரியும். கடைக்காரன் எண்ட என்று கூப்பிட்டால் போவேன். ஆனால் என் வாயிலிருந்து வரும் என்ட என்னுடையதுதான் என்று இருந்தேன். அவருடைய காதுக்கு அது வேறு சொல்லாகப் போகும் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. கல்முனைக் கீப்பர் மட்டும் விடக்கூடிய பிழை இது. இல்லை, பிழை என்று நான் சொல்ல மாட்டேன். பந்து என்னுடையது. என்னுடையது என்று சொன்னேன். அதில் என்ன பிழை?

எங்கள் இடப் பக்க ஓட்டக்காரன் மன்னார்ப் பையன். இரண்டு பாஷையும் தண்ணீர் போலத் தெரியும். நாங்கள் ஆளை ஆள் பிடித்து உலுப்பிக் கத்துவதைக் கேட்டவன், விசயம் விளங்கியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் குந்திவிட்டான். நடுவர் அவனுக்கு அடி பட்டுவிட்டது என்று நினைத்து வைத்தியரைக் கூப்பிட்டார். வைத்தியர் வந்து எங்கே வலி என்று கேட்டார். அவனால் பதில் சொல்ல முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு. மீதி ஆட்டத்தில் உயரத்தில் வந்த பந்துக்கெல்லாம் நான் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டேன். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக முடிந்தது.

உடுப்பு மாற்றும் அறையில் பயிற்றுநர் சிரிக்கவில்லை. "கோல் காக்கவும் மொழிபெயர்ப்பாளர் வைக்க வேண்டுமா?" என்று கேட்டார். அடுத்த முகாமுக்கு வேறு கீப்பர் ஒருவரைக் கொண்டுவரப் போவதாகச் சொன்னார். நான் வாய் திறந்தால் வேறு ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். வருடக்கணக்கில் குந்தி இருந்து கிடைத்தது அரை மணித்தியாலம்கூட இல்லை. அதுவும் போய், இனி வாங்கும் இல்லை.

ஊரில் செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டது. வர்ணனையாளர், 'காப்பாளருக்கும் பின்கள வீரருக்கும் இடையில் ஒரு சிறிய புரிந்துணர்வின்மை' என்று சொன்னாராம்.

மச்சான் கடையில் காத்துக்கொண்டிருந்தார். "மச்சான், புரிந்துணர்வின்மை எண்டா என்ன வருத்தம்? ஆஸ்பத்திரியில மருந்து இரிக்கா?"

நடந்ததைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. கடை முழுக்க மேசையில் அடித்துச் சிரித்தது. தேத்தண்ணி ஆற்றுகிறவர் சட்டியைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த நாளிலிருந்து நான் அந்த வழியால் போனால் போதும், உள்ளே இருந்து எல்லாரும் ஒரே குரலில் "எண்ட! எண்ட!" என்று கூப்பிடுவார்கள். காரைதீவிலிருந்து சாமான் வாங்க வந்த ஒரு வாத்தியார், கல்முனைக் கடையில் ஏன் சிங்களத்தில் ஆள் கூப்பிடுகிறார்கள் என்று என்னிடமே கேட்டார்.

மாமிதான் எதிர்பாராமல் என் பக்கம் வந்தார். நான் மத்தியானச் சோற்றைப் பிசைந்துகொண்டு சாப்பிடாமல் இருப்பதைப் பார்த்தார்.

"மருமகன், அது உங்கட பந்துதானே?"

"ஓம் மாமி. என்ட பந்துதான்."

"அப்ப என்ட எண்டுதானே சொல்லணும்? வேற ஆர்ர பந்தெண்டு சொல்ற? அவனுக்கு விளங்கல்லண்டா அது அவன்ட குறை."

"அவங்க பாஷையில அது வேற மாமி."

"அப்ப போய்ச் சொல்லிக் குடுங்க. வாய் இரிக்கிதானே? எங்களோட மட்டும் நல்லாக் கதைக்கிறீங்க."

அது நெஞ்சில் பிடித்துக்கொண்டது. ஏன் நானே மாற வேண்டும்?

பயிற்றுநர் சொன்னபடியே வேறொருவரைக் கொண்டுவந்து பார்த்தார். அந்த ஆளுக்குக் கை நல்லது. ஆனால் கத்தவே மாட்டார். வெட்கமாம். முதல் பயிற்சி ஆட்டத்திலேயே இரண்டு மண்டை உடைந்தது. தப்பான சத்தமானாலும் சத்தம் போடுகிறவன் தேவலை என்று எனக்கு மறுபடி தந்தி வந்தது. முதல் கீப்பரின் விரலுக்கு இன்னும் கட்டு. ஆகவே முகாமில் முதல் முறையாக முதல் அணிப் பின்வரிசைக்குப் பின்னால் நான் நின்றேன்.

முதல் நாள் சாப்பாட்டு மேசையில் துறைமுகத்துக்காரர் எனக்கு முன்னால் வந்து குந்தினார்.

"மகே என்று கத்து. எங்கள் சொல்லில் அதுதான் என்னுடையது."

"பாயும்போது வராது."

"பழகு."

பழகினேன். அந்தக் கிழமை முழுக்கப் பழகினேன். நின்று சொன்னால் மகே. பாய்ந்தால் என்ட. அவர் நெற்றியில் வீக்கம், என் தோளில் வீக்கம். கடைசியில் நான் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னேன். "நீங்க நாலு பேரும் மகே என்றுதானே கத்துறீங்க? நானும் மகே என்றால் யார் மகே, எவர் மகே? நாலு பேர் கத்துவதில் கீப்பர் எவன் என்று எப்படித் தெரியும்? என்ட என்றால் நான் ஒருவன்தான். வேறு யாரும் அப்படிக் கத்த மாட்டான்."

அவர் மென்று கொண்டிருந்ததை விழுங்கினார். மற்ற மூவரையும் பார்த்தார். "இவன் சொல்வது சரிதான்" என்றார். அந்தக் குழாத்தில் நான் சொன்னது சரி என்று ஒருவர் ஒத்துக்கொண்டது அது ஒரு தடவைதான். தேதி குறித்து வைத்திருக்க வேண்டும்.

பின்னேரம் மைதானத்தில் அவரே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். என்ட என்று கேட்டால் வருவதில்லை, நிற்க வேண்டும். முதல் நாள் கால் நிற்கவில்லை. காது கேட்டதும் கால் போனது. பிறகு நின்றது. இரண்டு கிழமையில் நான் கத்தினால் நாலு பேரும் கல் மாதிரி நிற்பார்கள். நான் போய்ப் பந்தை எடுப்பேன். எனக்கு அப்படி ஒரு சந்தோசம். அடுத்த ஆட்டம் என்னுடையது என்று வீட்டுக்கு எழுதிவிட்டேன்.

ஆட்டத்துக்கு நாலு நாள் இருக்கும்போது முதல் கீப்பரின் கட்டை அவிழ்த்தார்கள். விரல் நேராகிவிட்டது. எனக்குத்தான் தெரியுமே, அந்த உடம்புக்கு ஒன்றும் வராது.

அவர் கோலில் நின்று மகே என்று கத்தினார். பின்வரிசை குழம்பியது. நாலு பேரும் நாலு மாதிரிப் பார்த்தார்கள். துறைமுகத்துக்காரர், "அண்ணே, இங்கே கீப்பர் என்றால் என்ட" என்று சொன்னார். முதல் கீப்பர் முறைத்தார். பிறகு எப்படிச் சொல்வதென்று என்னைக் கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய? நாட்டில் எந்தப் பாஷை எந்தப் பலகையில் முதலில் வர வேண்டும் என்று ஆளை ஆள் அடித்துக்கொண்ட காலம் அது. கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்த எண்பத்துமூன்றாம் வருடத்துக்குக் கொஞ்சம் முந்தி. அந்தக் காலத்தில் தெற்கத்தி இராணுவக்காரர் ஒருவர் கொழும்பு மைதானத்தில் நின்று கல்முனைத் தமிழில் கத்திக்கொண்டிருந்தார். நான் வாங்கில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இடத்தையும் வைத்துக்கொண்டார், என் சொல்லையும் எடுத்துக்கொண்டார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே நேரம் சிரிப்பும் வந்தது. பக்கத்தில் இருந்தவன் எனக்கு உடம்புக்கு வருத்தமா என்று கேட்டான்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் பின்வரிசையில் ஒருவருக்குக் காய்ச்சல். பாருங்கள், காய்ச்சல் வருகிறது, ஆனால் சரியான ஆளுக்கு வருவதில்லை. மலைநாட்டுப் பக்கத்திலிருந்து புதிய ஆள் ஒருவரை அவசரமாகக் கொண்டுவந்தார்கள். நல்ல பையன், நல்ல ஓட்டம். இரவு வந்து இறங்கினான். சேர்ட் கொடுத்தார்கள், சப்பாத்துக் கொடுத்தார்கள், இலக்கம் கொடுத்தார்கள். என்ட பற்றிச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. ஆணையாகச் சொல்கிறேன், வரவில்லை. ஊரில் இன்றைக்கும் நம்பமாட்டார்கள்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான். இடப் பக்கத்திலிருந்து பந்து உயரத்தில் வந்தது. முதல் கீப்பர் வெளியே வந்தார். நெஞ்சு நிறையக் காற்றை எடுத்து, "எண்டா, எண்டா" என்று கத்தினார். என் சொல்லை இழுத்து இழுத்துச் சிங்களமாகவே ஆக்கிவிட்டார். மூன்று பேர் கல்லாக நின்றார்கள். புதிய பையன், தன்னை இவ்வளவு மரியாதையாகக் கூப்பிடுகிற பெரிய மனிதருக்காக, உயிரைக் கொடுத்து ஓடி வந்தான்.

இந்த முறை பந்து கம்பத்துக்கு வெளியே போனது. கோல் இல்லை. ஆனால் முதல் கீப்பர் எழும்பவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். பையன் பக்கத்தில் முழங்காலில் நின்று, "நீங்கள்தானே கூப்பிட்டீர்கள்" என்று அழுகிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தான்.

பயிற்றுநர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். என்னை ஏன் பார்க்க வேண்டும்? நான் வாங்கில்தானே இருந்தேன்? ஆனால் என் சப்பாத்துக் கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது. நானே எழும்பி எல்லைக் கோட்டுக்குப் போனேன்.

இரண்டு பேர் தாங்க, முதல் கீப்பர் நொண்டிக்கொண்டு வெளியே வந்தார். என்னைக் கடக்கும்போது நின்றார். கையுறை இரண்டையும் கழற்றி என் நெஞ்சில் வைத்து அழுத்தினார்.

"மல்லி, உன் சொல்லை நீயே வைத்துக்கொள்" என்றார்.

அந்த ஆட்டம் கிட்டத்தட்ட முழுவதும் நான்தான். உள்ளே போனதும் முதலில் அந்தப் பையனைக் காதில் பிடித்து இழுத்து விசயத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகு தொண்டை கிழியும் வரை கத்தினேன். என் வாங்கில், நான் வழக்கமாக இருக்கும் மூலையில், முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு அவர் இருந்தார். சும்மா இருக்கவில்லை. வெளியே வா, உள்ளே நில், இடப் பக்கம் பார், ஆளைப் பிடி என்று ஒவ்வொரு பந்துக்கும் அங்கே இருந்து சத்தம். ஆட்டம் முடியச் சில நிமிடம் இருக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

"வாயப் பொத்துங்க காக்கா, என்ட வேலைய என்னச் செய்ய உடுங்க!"

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் பந்தை உயர்த்தி எதிர்ப்பக்கத்துக்கு அடித்தேன்.